பெரிய விமானத்தின் பின்னால் இறங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அல்சூரிலிருந்தும் கே.ஆர்.புரத்திலிருந்தும் விடியுமுன்னே கிளம்பி பெங்களூரு ஜக்கூர் விமானத் திடலுக்கு விமானம் ஓட்டப் பழக வரும் நம் பிள்ளைகளுக்கு, காற்றின் திசை காட்டும் துணிப்பை லேசாக அசைந்தால் ஒரே சந்தோஷம். இன்று லேண்டிங் சுலபம் என்று நினைக்கிறார்கள். முன்னால் யாரும் இல்லாத ரன்வேயில் அது சரி. கிராஸ் கன்ட்ரி பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போய் ஒரு ஏர்பஸ்ஸின் பின்னால் இறங்கும்போது, அந்த இளங்காற்றுதான் எனக்குப் பயம் தருகிறது.

இறக்கை விமானத்தைத் தாங்கிப் பிடிக்கும்போது அதன் இரு முனைகளிலும் காற்று சுழன்று பின்னால் நீள்கிறது. இதுதான் வேக் டர்புலன்ஸ். இது எஞ்சின் தள்ளும் காற்று என்று நினைப்பதே முதல் தவறு. ஏடிஆர் 72 புரொப்பெல்லர் விமானம்தானே என்று அசட்டையாக இருக்கிறார்கள். அதன் எடை 20 டன்னுக்கு மேல். நீங்கள் ஓட்டும் சிறிய பயிற்சி விமானமான செஸ்னா 172 ஒரு டன்னைச் சற்றே தாண்டும். சுழலுக்குள் சிக்கினால் விமானம் பக்கவாட்டில் உருள்வதைக் கட்டுப்படுத்தும் இறக்கை மடலான எய்லரானை முழுக்கத் திருப்பினாலும் உருள்வது நிற்காமல் போகலாம். தரையிலிருந்து 100 அடியில் மீள இடமேது?

சுழல் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். அதனால் முன்னால் போனவரின் பாதைக்குக் கீழே தாழ்ந்து வராதீர்கள். அவர் சக்கரம் தொட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு அப்பால் இறங்குங்கள். அவர் மேலேறிப் போனவரென்றால், மூக்கைத் தூக்கிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும்.

தரையை நெருங்கியதும் இரு சுழல்களும் 2, 3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் பக்கவாட்டில் விலகும். எதிரே அதே அளவு குறுக்குக்காற்று வீசினால், காற்று வரும் பக்கத்துச் சுழல் நகர முடியாமல் ரன்வே மீதே நின்றுவிடும். பின்பக்கம் சாய்வாக வீசும் மென்காற்று இன்னும் மோசம். நீங்கள் இறங்க நினைத்த இடத்துக்கே சுழலைத் தள்ளிக்கொண்டு வரும்.

அப்புறம், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டவர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. நடுத்தர எடை விமானத்தின் பின்னால் இறங்கும் சிறு விமானத்துக்கு 3 நிமிட இடைவெளி என்பது சர்வதேச விதி. ஆனால் முன்னால் போகிறவரைக் கண்ணால் பார்த்துப் பின்தொடர்வதாக நீங்கள் ஒப்புக்கொண்டால், இடைவெளி உங்கள் பொறுப்பு. போதவில்லை என்று பட்டால் கூடுதல் நேரம் கேளுங்கள், இல்லையா, இறங்காமல் மேலேறிச் சுற்றி வரும் கோ அரவுண்ட் போங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.

ஹெலிகாப்டரையும் லேசாக எண்ண வேண்டாம். தரையை ஒட்டி மெல்ல நகர்ந்து போகும்போது, அதன் தலைமேல் சுற்றும் சுழலியின் (ரோட்டர்) விட்டத்தைப்போல் 3 மடங்கு தூரமாவது தள்ளி நில்லுங்கள்.