பச்சைப் பூசணத்திலிருந்து மீண்ட காளான் படுக்கைகள்

சிப்பிக் காளானில் பீட்டா குளூக்கன் என்னும் நார்ச்சத்தும், கொழுப்பைக் குறைக்கும் மருந்தாகிய லோவாஸ்டாட்டினும் இயற்கையாகவே இருப்பதை அறிந்து, அதை வீட்டிலேயே வைக்கோலில் வளர்க்கத் தொடங்கினேன். மாத்திரைக்கு மாற்றாக அல்ல, நல்ல உணவாகவே கருதினேன். ஆனால் முதலில் பைகளில் கட்டிய 10 படுக்கைகளில் 7, காளானின் வெண்ணிற இழைகள் பாதி பரவுவதற்குள் பச்சைப் பூசணம் பிடித்துப் புளித்த வாடை வீசின.

பைகளைப் பிரித்தபோது அடி வைக்கோலில் நீர் தேங்கியிருந்தது. தவறு காளான் விதையில் இல்லை, என் அவசரத்தில்தான் என்பது அப்போது விளங்கியது. அடுத்த முறை வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, இரவு முழுவதும் ஊறவைத்து, கொதிநீரில் 1 மணி நேரம் வேகவைத்து, பின் சுத்தமான விரிப்பில் நிழலில் பரப்பி, ஒரு பிடியை இறுகப் பிழிந்தால் நீர் சொட்டாமல் உள்ளங்கை மட்டும் ஈரமாகும் பதம் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். பூசணப் புள்ளி தென்பட்ட ஒரே பையை உடனே அகற்றித் தொலைவில் புதைத்தேன். 18ஆம் நாள் மற்ற பைகளெல்லாம் பால்போல் வெளுத்திருந்தன.

அறுவடை ஓய்ந்த வைக்கோலைச் சிலர் எரித்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காளான் இழைகள் ஏற்கெனவே அதை மென்மையாக்கியிருப்பதால், சாணத்துடன் கலந்து மண்புழுத் தொட்டியில் இட்டு, அந்த உரத்தைக் கத்தரிச் செடிகளுக்கு இடுகிறேன்.