பிஎச்பியில் ஃபோல்டர்களை மட்டும் பட்டியலிடுவது எப்படி?

'அப்லோட்ஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்கள் மட்டும் வேண்டும், ஃபைல்கள் வேண்டாம். புதிதாகப் பழகுபவர்களின் கை முதலில் போவது ஸ்கேன்டிர் என்ற ஃபங்ஷன் பக்கம்தான். சில நூறு ஃபைல்கள் வரை அதில் குறையில்லை. ஆனால் அது உள்ளே கிடக்கும் எல்லாப் பெயர்களையும் ஒரே அர்ரேயில் ஏற்றி, வரிசைப்படுத்திய பிறகே கையில் தரும். லட்சம் ஃபைல்களுக்கு நடுவே பத்து ஃபோல்டர் தேடினாலும் லட்சம் பெயர்களும் மெமரியில் ஏறும். ரீட்டிர் என்ற இன்னொரு ஃபங்ஷன் பெயர்களை ஒவ்வொன்றாகத் தருவதால் இந்தச் சுமை இல்லை.

முதலில் ஓப்பன்டிர் கொண்டு ஃபோல்டரைத் திறந்து, கிடைக்கும் ஹேண்டிலை (திறந்த ஃபோல்டரைக் குறிக்கும் பிடியை) வேரியபிளில் வையுங்கள், ரீட்டிருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். ஃபால்ஸ் வந்தால் பெரும்பாலும் பாதை தவறு, இல்லையென்றால் வெப் சர்வரின் யூசருக்குப் படிக்க அனுமதியில்லை, அங்கேயே நிறுத்துங்கள்.

அடுத்து வைல் லூப். ரீட்டிர் தருவது ஃபால்ஸா என்பதை ஆச்சரியக்குறியும் இரண்டு சமக்குறியும் சேர்ந்த கண்டிப்பான ஒப்பீட்டால் பாருங்கள். இல்லாவிட்டால் '0' என்ற பெயருள்ள ஃபோல்டர் வந்ததும் லூப் பாதியில் நின்றுவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது.

லூப்புக்குள் ஒற்றைப் புள்ளி (அதே ஃபோல்டர்), இரட்டைப் புள்ளி (தாய் ஃபோல்டர்) இரண்டையும் தள்ளிவிட்டு, மிச்சம் ஃபோல்டர்தானா என்று இஸ்_டிர் கொண்டு சோதியுங்கள். பட்டியல் காலியாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ரீட்டிர் தருவது வெறும் பெயர். அதை அப்படியே இஸ்_டிரிடம் கொடுத்தால் ஸ்கிரிப்டின் நடப்பு வேலை ஃபோல்டரில் போய்த் தேடி, இல்லை என்று சொல்லிவிடும். நீங்கள் திறந்த ஃபோல்டரின் பாதை, ஒரு சாய்கோடு, பிறகு பெயர் என்று ஒட்டிக் கொடுங்கள். ஃபோல்டரைச் சுட்டும் சிம்லிங்க்கையும் (குறுக்குவழி போன்ற இணைப்பு) இஸ்_டிர் ஃபோல்டர் என்றே சொல்லும். அது வேண்டாமென்றால் இஸ்_லிங்க் சோதனையும் சேருங்கள்.

முடிந்ததும் க்ளோஸ்டிர் கொண்டு ஹேண்டிலை மூடுங்கள். ரீட்டிர் எந்த வரிசையிலும் தரலாம் என்பதால், சேர்ந்த பட்டியலை, பெயரிலுள்ள எண்களை எண்ணாகவே பார்த்து வரிசைப்படுத்தும் நேட்சார்ட் செய்யுங்கள். 'படம்2'க்குப் பின்னால்தான் 'படம்10' வரும். நேட்சார்ட் பழைய கீகளை மாற்றாது. ஃபோர்ஈச்சில் சுற்றினால் சரி, எண் வைத்து ஃபோர் லூப்பில் சுற்றினால் பழைய வரிசையே தெரியும்.

ஒரே வரியில் முடிக்க, கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் பெயர்களைத் தேடித் தரும் க்ளோப் இருக்கிறது. க்ளோப்_ஒன்லிடிர் கொடியைச் சேர்த்தால் போதும். ஆனால் நட்சத்திரக் குறி மட்டும் கொடுத்தால் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் வராது. பாதையில் சதுர அடைப்புக்குறி இருந்தாலும் குழம்பும். ஆல்பைன் லினக்ஸ் டாக்கர் இமேஜிலும் இந்தக் கொடி வேலை செய்யும்.