கோடு ஏன் வளைகிறது என்று பாருங்கள்

நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காட்பாடியில் குடியிருக்கிறேன். வீட்டு வரி வேலூர் மாநகராட்சிக்கு. மக்களவைத் தேர்தலில் வாக்கு அரக்கோணம் தொகுதிக்கு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் மகள், அங்கே சட்டமன்றம் வரையும் தொகுதி எல்லைகள் மீதான வழக்குகளை எப்படிப் படிப்பது என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னது இது.

முதலில் 9 புளியங்கொட்டையும் 6 சோழியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வாக்காளர்; கொட்டை ஒரு கட்சி, சோழி மற்றது. ஐந்தைந்தாக மூன்று குவியல், குவியல் ஒவ்வொன்றும் ஒரு தொகுதி. ஒன்றில் ஐந்தும் கொட்டை. மற்ற இரண்டில் மும்மூன்று சோழி, இரண்டிரண்டு கொட்டை. ஒன்பது பேருக்கு ஓர் இடம், ஆறு பேருக்கு இரண்டு! எதிராளியை ஒரே இடத்தில் அடைப்பது, மிச்சத்தைச் சிதறடிப்பது. இந்த வேலையைக் கையால் செய்து பார்த்த பிறகே தீர்ப்பைத் தொடுங்கள்.

அடுத்து வரைபடம். புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) கோடு வளைந்தால் அங்கே ஓடையோ வாய்க்காலோ இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் வளைந்தால் சந்தேகப்படுங்கள். வட கரோலினாவின் 2016 வரைபடம், கருப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்தையே இரு தொகுதிகளாகப் பிளந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

பிறகு, புகார் என்ன என்று பிரியுங்கள். மக்கள்தொகை சமமில்லை, இன அடிப்படையில் பிரித்தார்கள் என்றால் கூட்டரசு (மத்திய அரசு) நீதிமன்றம் கேட்கும். கட்சி லாபத்துக்காக வரைந்தார்கள் என்றால் கேட்காது. 2019இல் ருச்சோ வழக்கில் 5க்கு 4 என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. மாநில அரசியலமைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாநில நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அதற்கு எதிராக வட கரோலினா சட்டமன்றம் ஒரு வாதம் வைத்தது: அமெரிக்க அரசியலமைப்பின் முதல் உறுப்பு, 4ஆம் பிரிவு கூட்டரசுத் தேர்தல் விதிகளை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறது, மாநில நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று. மூர் வழக்கில் 2023 ஜூன் 27 அன்று 6க்கு 3 என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. ஆனால் மாநில நீதிபதிகளும் நீதித்துறையின் வழக்கமான வரம்பைத் தாண்டக் கூடாது என்றது. இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் வரைபடத்தை ரத்து செய்த அதே நீதிமன்றம், தேர்தலில் பெரும்பான்மை மாறிய பின் 2023 ஏப்ரலில் தன் தீர்ப்பைத் திருப்பிக்கொண்டது. நீதிமன்ற வரைபடத்தில் நடந்த 2022 தேர்தலில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கான 14 இடங்கள் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் 7க்கு 7. சட்டமன்றம் புதிதாக வரைந்ததில் 2024இல் அதே வரிசையில் 10க்கு 4. இரண்டு வரைபடங்களையும் அருகருகே விரித்துவைத்து, உன் தெரு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார் என்றேன் மகளிடம்.