நர்ஸ் வேலையை விடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்

"அக்கா, என்னால முடியல. வேற ஃபீல்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன்." ஜூனியர் பிள்ளைகளிடமிருந்து இப்படி வாய்ஸ் மெசேஜ் வராத மாதம் கிடையாது. பெரும்பாலும் காலையில் வரும், நைட் டூட்டி முடிந்து ஹேண்டோவர் கொடுத்த கையோடு.

வார்டு, ஐசியு என்று பல வருடம் இருந்துவிட்டு இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிறேன். இவர்கள் யாரிடமும் நான் "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொன்னதில்லை. பன்னிரண்டு மணி நேர நைட், ஆள் வரவில்லை என்றால் அதோடு சேர்த்து இன்னொரு டூட்டி, உறவினர்கள் போடும் சத்தம், டாக்டர் எழுதாமல் விட்டதற்கும் நமக்கு மெமோ. இதில் சம்பளத்தைச் சொல்லவே வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் கீழே போகக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதைப் படித்துவிட்டு உங்கள் பே ஸ்லிப்பைப் பார்த்தால் கோபம் வரும். வர வேண்டியதுதான்.

ஆகவே விடலாமா வேண்டாமா என்று இங்கே நான் வாதாடப் போவதில்லை. விடுகிற விதத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு. என் பேட்சில் பலர் செய்து கைசுட்டுக்கொண்ட அதே காரியங்களை இப்போது படித்து முடித்து வருகிறவர்களும் அச்சு அசலாகச் செய்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள், கோபத்தில் முடிவெடுக்காதே என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன்.

வார்டு பிடிக்காததை வேலையே பிடிக்காததாக எடுத்துக்கொள்வது

என்ன பிடிக்கவில்லை என்று கேட்டால் "எல்லாமேதான்" என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் நைட் டூட்டி, அல்லது ஒரு இன்சார்ஜ் சிஸ்டர், அல்லது கண் முன்னால் அடுத்தடுத்து இரண்டு மரணம் என்று ஏதோ ஒன்றில் வந்து நிற்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையே பிடிக்கவில்லை என்பவர்களும் உண்டு. அவர்கள் போகட்டும், தாராளமாகப் போகட்டும். மற்றவர்களுக்கு நர்சிங்குக்கு உள்ளேயே வேறு கதவுகள் இருக்கின்றன. கல்லூரியில் அதையெல்லாம் யாரும் காட்டுவதில்லை. டயாலிசிஸ் யூனிட், ஓபி, பள்ளிக்கூட நர்ஸ், இன்சூரன்ஸ் டெஸ்க், குவாலிட்டி பிரிவு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வலி நிவாரண நர்ஸ். 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு இந்தக் கடைசி வேலையைக் கிராமத்துக்காரர்களும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

என் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வார்டு வார்டாகப் போய் யூரினரி கதீட்டர் எத்தனை நாளாக உள்ளே இருக்கிறது, பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் இருக்கும் இடம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பையைத் திறந்தால் உள்ளே ஊசி கிடக்கும். அது வெள்ளை டப்பாவுக்குள் போயிருக்க வேண்டியது, இல்லையென்றால் நாளைக்குக் குப்பை அள்ளும் அம்மாவின் கையில்தான் குத்தும். யார் போட்டது என்று சண்டைக்குப் போகாமல் அந்த ஷிப்டுக்கே மறுபடி ஒரு முறை சொல்லிக்கொடுப்பேன். நைட் கிடையாது, ஞாயிறு லீவு. ஐசியு அனுபவம் இருந்ததால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. ராஜினாமா எழுதுவதற்கு முன்னால், பிரிவு மாற்றம் கேட்டு ஒரு கடிதமாவது எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டால் கணக்கில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கோயம்புத்தூர் பக்கம் ஒரு மருத்துவமனையில் மூன்று வருடம் கார்டியாக் ஐசியுவில் இருந்த பெண் ஒருத்தி, வென்டிலேட்டர் நோயாளியைத் தனியாகப் பார்க்கும் அளவுக்குக் கை தேர்ந்தவள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை, சிம்மையும் மாற்றிவிட்டாள். சில மாதம் வீட்டில் இருந்தாள், ஒழுங்காகத் தூங்கினாள், உடம்பு தேறியது. அந்த ஓய்வு அவளுக்கு வேண்டியதுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் சவுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போக டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. அவர்கள் நம் பேச்சை நம்பி எழுதிக்கொள்வதில்லை, வேலை பார்த்த மருத்துவமனையிடமே நேராகக் கேட்பார்கள். அங்கே அவள் பெயருக்கு நேராக 'அப்ஸ்காண்டட்', அதாவது சொல்லாமல் ஓடிப்போனவள் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

நானும் அவளோடு அந்த எச்ஆர் அறைக்குப் போனேன். சுவரோரம் ஒரு இரும்பு பீரோ. உள்ளே பழுப்புக் கவர்கள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின் மேலும் பேனாவில் ஒரு பெயர். எல்லாமே நர்ஸ் பிள்ளைகளின் ஒரிஜினல் சான்றிதழ்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், டிகிரி, நர்சிங் கவுன்சில் பதிவு, எல்லாம் உள்ளே. இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் கவர் வெளியே வரும் என்றார்கள். அவள் அப்பா கடன் வாங்கிக் கட்டினார். சான்றிதழ் வந்தது, அனுபவச் சான்று மட்டும் வரவில்லை. மூன்று வருடம் ஐசியுவில் நின்ற பெண் அடுத்த மருத்துவமனையில் ஃபிரஷர் சம்பளத்தில் சேர்ந்தாள். அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

இந்தத் துறையே வேண்டாம் என்று போகிறவளுக்கு அனுபவச் சான்று எதற்கு என்று கேட்பீர்கள். பாதிப் பேர் ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பி வருகிறார்கள், நான் பார்த்தவரை. திரும்பி வராதவர்களுக்கும் வேண்டும். மெடிக்கல் கோடிங் போனாலும், இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனாலும், கிளினிக்கல் ரிசர்ச் போனாலும் "வார்டு அனுபவம் இருக்கிறதா" என்பதை வைத்துத்தான் சம்பளம் பேசுவார்கள். ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர், எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்காக நடத்தும் நார்செட் தேர்வு எழுத வேண்டும் என்றால் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். அதனால் உங்கள் சான்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, பிரிவு இவற்றோடு படுக்கை எண்ணிக்கையும் இருக்க வேண்டும், லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் வைத்து. கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அங்கேயே நின்று தேதிகளைச் சரிபாருங்கள்.

"லெட்டரை வாங்கவே மாட்டேங்கிறாங்க அக்கா" என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். நர்சிங் சூப்பிரண்டு கடிதத்தைப் பார்த்ததும் மேசைமேலேயே திருப்பித் தள்ளிவிடுவார், இந்தப் பிள்ளை அழுதுகொண்டே வெளியே வந்து, அடுத்த லீவில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். நேரில் வாங்கவில்லை என்றால் அதே கடிதத்தை எச்ஆருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள், ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாளும் டூட்டிக்குப் போங்கள். கடைசி மாதம் கொடுமையாகத்தான் இருக்கும், வேண்டுமென்றே நைட்டாகப் போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போங்கள். இதற்குப் பிறகும் சான்று தரவில்லை என்றால், பே ஸ்லிப், வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய வரிகள், பி.எஃப். கணக்கில் தெரியும் பணிக்காலம், ஐடி கார்டின் நகல் இவ்வளவும் சேர்ந்து நீங்கள் அங்கே வேலை பார்த்ததைச் சொல்லும். வேலையில் இருக்கும்போதே இவற்றையெல்லாம் போனில் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். விலகிய மறுநாள் லாகின் வேலை செய்யாது.

ஒரிஜினல் விஷயம். சேரும்போது கேட்பார்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகலைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா? படிப்புச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இத்தனை வருடம் இருப்பேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்திருந்தாலும், உண்மையில் நஷ்டம் என்று ஏதாவது இருந்தால் அதைக் கோர்ட்டில் கேட்டுப் பெற வேண்டியது அவர்கள் பாடு, பீரோவில் போட்டுப் பூட்டுவது வழியல்ல. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். வக்கீல் நோட்டீஸ் போன பின் எப்படிக் கவர் வெளியே வந்தது என்று சொல்ல எனக்குத் தெரிந்த பிள்ளைகளே இருக்கிறார்கள். தயவுசெய்து பயந்து பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த பேட்சிடமும் கவர் வாங்குகிறார்கள்.

முதலில் கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவது

மெடிக்கல் கோடிங் என்றால் ஏசி அறை, கம்ப்யூட்டர், நிம்மதி என்று ஒரு பேச்சு ஓடுகிறது. வேலை இதுதான்: அமெரிக்க நோயாளியின் ரெக்கார்டைப் படித்து, டயாபடீஸ் டைப் 2, சிக்கல் எதுவும் இல்லை என்றால் இ11.9, சிக்கல் இருந்தால் அதற்குத் தகுந்த வேறு எண் என்று நோய்களுக்கான ஐசிடி-10 குறியீடுகளைப் போடுவது. கேஸ் ஷீட் படித்துப் பழகிய நர்ஸுக்கு இது நன்றாகவே வரும். ஆனால் அங்கேயும் ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் உண்டு, தவறு எண்ணும் ஆடிட்டர் உண்டு, நாள் முழுக்க ஒரே நாற்காலி. நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது சிலருக்கு விடுதலை, சிலர் மூன்றே மாதத்தில் ஏங்கிப்போகிறார்கள்.

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உள்ள கம்பெனிகள் நர்சிங் படித்த ஃபிரஷர்களைத் தாங்களே எடுத்துப் பயிற்சி கொடுப்பதுண்டு. நூறு சதவீத பிளேஸ்மென்ட் என்று சொல்லி முன்பணம் கேட்கும் சென்டரில் கட்டுவதற்கு முன் இரண்டு வாக்-இன் போய்ப் பாருங்கள். கோடிங்குக்கான சிபிசி சான்றிதழ் தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்று துரத்துவார்கள். தேர்ச்சி பெற்றாலும் அனுபவம் இல்லாதவருக்கு முதலில் சிபிசி-ஏ என்றுதான் வரும், அந்த 'ஏ' அப்ரென்டிஸைக் குறிக்கும். வேலையில் சேர்ந்து, பிடித்திருக்கிறது என்று தெரிந்த பின் எழுதினால் போதும்.

கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடுவது

விடாதீர்கள். வேறு வேலைக்குப் போனாலும் புதுப்பித்து வையுங்கள்.

பி.எஃப். பணத்தை உடனே எடுப்பது

ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி வரும், பென்ஷனுக்கான வருடக் கணக்கும் அறுந்துபோகும். புதிய வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டால் சரியாகிவிடும் என்பது

பாடம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும் என்றால் சேருங்கள். வார்டிலிருந்து தப்பிக்க மட்டும் என்றால் இரண்டு வருடமும் பெரிய ஃபீஸும் போய், டியூட்டராக வந்து, மறுபடியும் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அதே வார்டுக்குத்தான் போய் நிற்பீர்கள்.

அரசு வேலை கிடைக்கும்வரை என்று காத்திருப்பது, வயதைப் பார்க்காமல்

அரசு வேலை நல்லதுதான். ஆனால் 2015-இல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்ஆர்பி நடத்திய தேர்வை எழுதிச் சேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பியவர்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் உள்ள டிஎம்எஸ் வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போராட்டத்தில் உட்கார வேண்டி வந்தது. எனவே எந்த அறிவிப்பு வந்தாலும் அது காலமுறை ஊதியமா, தொகுப்பூதியமா என்பதை முதலில் படியுங்கள். நார்செட்டில் தேர்வானால் அடிப்படைச் சம்பளமே 44,900, அது வாழ்க்கையையே மாற்றும் தொகை. ஆனால் எய்ம்ஸில் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, ஓபிசிக்கு மூன்று வருடமும் எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருடமும் கூடுதல். பெரும்பாலான இடங்கள் பெண்களுக்கு என்பதால் ஆண் நர்ஸுகளுக்குப் போட்டி இன்னும் கடுமை, அவர்கள் முன்கூட்டியே தொடங்க வேண்டும். வேறு துறைதான் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு இது வேண்டாம். இன்னும் ஊசலாடுகிறவர்கள் இன்றைக்கே பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டு, இன்னும் எத்தனை தேர்வு எழுத முடியும் என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ராஜினாமாக் கடிதத்தைப் பற்றி யோசியுங்கள்.