பழைய ஜன்னலும் வெள்ளிக்கிழமை இரைச்சலும்

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகர மையத்தில், அவுடக்ராக்ட் கால்வாய் ஓரத்துப் பெரிய பழைய வீடு. பகலில் பார்த்தபோது அமைதியாக இருந்தது. குடிவந்த முதல் வெள்ளி இரவு, கால்வாயோர உணவகங்களின் சிரிப்பும் கிளாஸ் சத்தமும் படுக்கையறைக்குள்ளேயே கேட்டன.

பாரம்பரியக் கட்டடம், ஜன்னலை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. லேசாக அலையடிக்கும் அந்தப் பழைய கண்ணாடியை எடுக்க எனக்கும் மனமில்லை. நகராட்சியிடம் கேட்டுவிட்டு, உள்பக்கம் 10 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு ஜன்னல் போட்டோம். சத்தம் நன்றாகக் குறைந்தது.

ஆனால் நவம்பரில் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே நீர் கோத்து வழிந்தது. வெளி ஜன்னலை நான் இறுக அடைத்ததுதான் தப்பு. உள்ளே கசிந்த ஈரக்காற்று வெளியேற வழியில்லை. உள் ஜன்னல் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினேன். அப்புறம் வெளிச் சட்ட இடுக்கில் பூசியதைச் சுரண்டி எடுத்தேன். சில நாளில் காய்ந்துவிட்டது.

வீடு வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஒரு சனிக்கிழமை இரவு 11 மணிக்கு அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தபின் விலகிக்கொள்ள நெதர்லாந்துச் சட்டம் தரும் அவகாசம் 3 நாள்தான்.