லிங்க்ட்இன் கணக்கு இருக்கிறது, வேலை வரவில்லையா? தோட்டப்புற மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடாங் செராயிலிருந்து கூலிம் ஹைடெக் பார்க் மோட்டார் சைக்கிளில் போய்வரும் தூரம்தான். 1996-இல் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்பேட்டையில் இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் என்று உலகப் பெயர் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து டிப்ளோமாவும் டிகிரியும் முடித்து வரும் பிள்ளைகளில் பலருக்கு உள்ளே ஒருவரையும் தெரியாது. "கேபிள் (உள்ளே செல்வாக்குள்ள ஆள்) இருந்தாதான் வேலை" என்று அவர்கள் அலுத்துக்கொள்வதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அப்பா பால்மரம் வெட்டியவர், அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறவர் என்றால், எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று சாப்பாட்டு மேசையில் சொல்ல வீட்டில் யார் இருப்பார்கள்?

அந்தத் தகவலைச் சொல்லக்கூடியவரை நீங்களாகத் தேடிப் பிடிக்கும் வழி லிங்க்ட்இன் என்ற தொழில்முறைத் தொடர்புத் தளம். வேலைக்கு மனுப்போடும் பாரம் போல அதை நிரப்பி வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைத்தவையே.

கணக்கு திறக்கும்போதே நடக்கும் கோளாறுகள்

கல்லூரி கொடுத்த மின்னஞ்சலை வைத்துக் கணக்கைத் திறக்கிறார்கள். படிப்பு முடிந்த சில மாதங்களில் பல கல்லூரிகள் அந்த மின்னஞ்சலை மூடிவிடும். பாஸ்வேர்ட் மறந்துபோனால் மீட்பது பெரும்பாடு. உடனே இன்னொரு கணக்கு திறப்பார்கள். பழையதும் அங்கேயே கிடக்கும், அதில் இன்னும் "இரண்டாம் செமஸ்டர் மாணவர்" என்றே இருக்கும். ஆள் எடுப்பவர் உங்கள் பெயரைத் தேடினால் எது முதலில் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே சொந்த ஜிமெயிலை முதன்மை முகவரியாக வையுங்கள், கல்லூரி முகவரியை இரண்டாவதாகச் சேருங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே இரண்டு கணக்கு இருந்து, இரண்டிலும் நுழைய முடிந்தால், செட்டிங்ஸில் கணக்குகளை இணைக்கும் வசதி இருக்கிறது. தொடர்புகள் மட்டும்தான் இடம் மாறும். பழைய கணக்கில் எழுதியதை முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கிறபடி முழுக்கப் பெரிய எழுத்தில், நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' சேர்த்துப் போடுகிறார்கள். அரசு மனுவில் அது சரி. இங்கே உங்கள் பெயரை முதல் கட்டத்திலும் தந்தை பெயரை இரண்டாம் கட்டத்திலும் போட்டாலே போதும், நடுவிலுள்ள சாய்கோடு தேவையில்லை. ரெசுமேயிலும் மின்னஞ்சலிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். ஒன்றில் ஒரு 'எச்' கூடி இன்னொன்றில் குறைந்தால் தேடுகிறவருக்கு நீங்கள் இரண்டு ஆள். தமிழ்ப் பெயரை மற்ற இனத்தவர் சரியாகச் சொல்லச் சிரமப்பட்டால், கைப்பேசிச் செயலியில் உங்கள் குரலிலேயே 10 விநாடிக்குள் பெயரைப் பதிவுசெய்து வைக்கலாம். நேர்காணலுக்குக் கூப்பிடும் அதிகாரிக்கு அது பெரிய உதவி.

படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீட்டுப் படத்தில் மற்றவர்களை வெட்டிவிட்டு மீதியைப் போடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், தோளுக்கு மேலே எடுத்த படம் போதும்.

ஹெட்லைனை வீணடிப்பது

பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. பெரும்பாலான மாணவர்கள் அதில் எழுதுவது "மாணவர்" என்ற ஒரு சொல்லும் கல்லூரிப் பெயரும்தான். ஆள் தேடுகிறவர் "மாணவர்" என்று தேட மாட்டார். துறையின் பெயர், மென்பொருளின் பெயர், 'இன்டர்ன்' என்று தேடுவார். "எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா, 5-ஆம் செமஸ்டர் | பிஎல்சி, ஆட்டோகேட் | ஜூன் முதல் 20 வாரத் தொழிற்பயிற்சி தேடுகிறேன் | கூலிம், பினாங்கு" என்று எழுதினால் நீங்கள் யார், என்ன தெரியும், எப்போது வர முடியும், எங்கே வர முடியும் என்ற நான்கு கேள்விக்கும் ஒரே வரியில் பதில் வந்துவிடும். சுயவிவரத்தை ஆங்கிலத்தில் வைத்திருப்பதே நல்லது, தனியார் துறையில் தேடல் பெரும்பாலும் அந்த மொழியில்தான் நடக்கிறது.

உங்களைப் பற்றிச் சொல்லும் 'அபௌட்' பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம், ஆனால் திறந்தவுடன் கண்ணில் படுவது முதல் சில வரிகள் மட்டுமே. அங்கே "கடின உழைப்பாளி, ஆர்வமுள்ளவர், குழுவோடு பணியாற்றக்கூடியவர்" என்று தொடங்கினால் அடுத்த வரியை யாரும் திறக்க மாட்டார்கள். ஏஐ எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டுவதிலும் இதே பிரச்சினை: நூறு பேர் எழுதியதும் ஒரே மாதிரி இருக்கும். இறுதியாண்டுத் திட்டத்தில் என்ன செய்தீர்கள், எது வேலை செய்யவில்லை, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஐந்தாறு வாக்கியம் எழுதுங்கள். அதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

செய்த வேலையை மறைப்பது

இதுதான் நம் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிற, மனம் வருந்துகிற தவறு. எஸ்பிஎம் முடித்த கையோடு மளிகைக் கடையில் நின்றிருப்பார்கள், விடுமுறையில் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிஃப்ட் பார்த்திருப்பார்கள், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்கைப் பார்த்திருப்பார்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருப்பார்கள். ஆனால் அனுபவம் என்ற பகுதி வெறுமையாக இருக்கும். "அதெல்லாம் வேலையா, சொன்னா சிரிக்க மாட்டாங்களா" என்பார்கள்.

சிரிக்க மாட்டார்கள். புதிதாகப் படித்து முடித்தவர் ஒழுங்காக வேலைக்கு வருவாரா, பொறுப்பாகப் பணத்தைக் கையாள்வாரா என்பதுதான் ஆள் எடுப்பவரின் முதல் கவலை. அதற்குச் சான்று இந்த வேலைகள். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கடை உதவியாளர்" என்று மட்டும் போட்டால் ஒன்றும் தெரியாது. "தினமும் கடை மூடும்போது கல்லாக் கணக்கை ரசீதுடன் ஒப்பிட்டு முடித்தேன், வாரம் ஒருமுறை சரக்கு இருப்பை எண்ணி, குறைவதை முதலாளிக்குப் பட்டியலிட்டேன், புதிதாக வந்த இருவருக்குப் பயிற்சி கொடுத்தேன்" என்று எழுதினால் ஒரு கணக்கியல் மாணவருக்கு அதுவே பேசும். கோயில், இளைஞர் மன்றம், பள்ளி வேலைகளுக்குத் தன்னார்வப் பணி என்று தனிப் பகுதியே இருக்கிறது. எத்தனை பேருக்குச் சமையல், எத்தனை வெள்ளி கணக்கு, எத்தனை பேர் கொண்ட குழு என்று எண்ணோடு எழுதுங்கள். கூட்டிச் சொல்லாதீர்கள், நேர்காணலில் முதல் கேள்வி அதைப் பற்றியே வரும்.

மொழிப் பகுதியில் மலாயும் ஆங்கிலமும் இருக்கும், தமிழ் இருக்காது. சேருங்கள். வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேச வேண்டிய வங்கி, காப்புறுதி, மருத்துவமனை வேலைகளுக்கு அது கூடுதல் தகுதி. மூவெட் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் நன்றாக இருந்தால் அதையும் போடலாம். அரைமணி நேர வெபினாருக்குக் கிடைத்த சான்றிதழ்களை இருபது முப்பது என்று அடுக்குவது மட்டும் வேண்டாம், அந்தக் கூட்டத்தில் உருப்படியான ஒன்றிரண்டும் காணாமல் போய்விடும்.

எண்ணிக்கைக்காகத் தொடர்பு சேர்ப்பது

500 தொடர்பு தாண்டினால் வேலை வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பார்க்கிற எல்லாருக்கும் 'கனெக்ட்' அழுத்துவார்கள். தெரியாதவர்களுக்கு அனுப்பிய அழைப்புகள் நிறையப் புறக்கணிக்கப்பட்டாலோ, "இவரை எனக்குத் தெரியாது" என்று பலர் சொன்னாலோ, தளம் உங்கள் கணக்கைக் கட்டுப்படுத்தும். அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது.

சரியான ஆளைப் பிடிக்க இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்கள் கல்விப் பகுதியில் கல்லூரிப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது கீழே சின்னத்தோடு வரும் பெயரையே தேர்ந்தெடுங்கள். சுருக்கப் பெயரைக் கையால் அடித்தால் முன்னாள் மாணவர் பட்டியலில் நீங்கள் வர மாட்டீர்கள். பிறகு அந்தக் கல்லூரியின் பக்கத்துக்குப் போய் 'அலும்னி' என்ற பகுதியைத் திறங்கள். கணினியில் பார்ப்பது வசதி. முன்னாள் மாணவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தில், எந்தப் பிரிவில் வேலை செய்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும். ஊரைப் பினாங்கு அல்லது கூலிம் என்று வைத்து, உங்கள் படிப்பைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சுருங்கும். அதில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்களாக எட்டுப் பத்துப் பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள மேலாளருக்கு உங்கள் நிலை மறந்திருக்கும். நேற்று முடித்தவருக்கோ இன்னும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அழைப்போடு ஒரு குறிப்பு எழுதுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில குறிப்புகள் மட்டுமே எழுத முடியும், அதனால்தான் பத்துப் பேர் என்று சுருக்கச் சொல்கிறோம். கைப்பேசியில் "உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்கள்" பட்டியலிலிருந்து அழுத்தினால் குறிப்பு எழுத விடாமல் அழைப்பு உடனே போய்விடும். அந்த ஆளின் பக்கத்துக்குள் போய் அனுப்புங்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான்: "வணக்கம். நான் இதே பாலிடெக்னிக்கில் ஐந்தாம் செமஸ்டர் எலக்ட்ரானிக்ஸ், ஊர் பாடாங் செராய். நீங்கள் டெஸ்ட் பிரிவில் இருப்பதைப் பார்த்தேன். அந்த வேலைக்கு எந்தப் பாடம் அதிகம் உதவியது என்று கேட்கலாமா?" ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதினால் இது 200 எழுத்து வரம்புக்குள் அடங்கும். முதல் செய்தியில் 'ப்ரோ', 'பாஸ்', 'சிஸ்' வேண்டாம். தமிழராகவே இருந்தாலும் அவராக அண்ணன், அக்கா என்று பேச இடம் கொடுக்கும்வரை பெயரோடு மரியாதையாக எழுதுங்கள்.

"வேலை இருக்கா?" என்று முதல் வரியிலேயே கேட்பதுதான் பதில் வராமல் போவதற்கு முக்கியக் காரணம். அவர் கையில் வேலை இல்லை, தகவல் இருக்கிறது. தகவலைக் கேட்டால் தருவார். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். பதில் வந்து, பேச்சு நடந்து, பிறகு அவர் நிறுவனத்தில் இடம் காலியாகும்போது பரிந்துரை கேட்கலாம். பல நிறுவனங்களில் ஊழியர் பரிந்துரைத்த ஆள் சேர்ந்தால் அந்த ஊழியருக்கு ஊக்கத்தொகையும் உண்டு, ஆகவே கூச்சப்பட வேண்டாம். ஆனால் வேலை எண், வேலைப் பெயர், பிடிஎஃப் ரெசுமே, ஏன் பொருந்துகிறீர்கள் என்று இரண்டு வரி, நான்கையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். அவர் வேலை நேரத்தில் உங்களுக்காகத் தேடிக்கொண்டிருக்கும்படி வைக்கக் கூடாது.

கண்மூடித்தனமாக மனுப்போடுவது

'ஈஸி அப்ளை' பொத்தானை இரவெல்லாம் அழுத்துகிறார்கள். தளம் நீங்கள் முன்பு ஏற்றிய ரெசுமேயை நினைவில் வைத்திருக்கும். கவனிக்காவிட்டால் வேறு நிறுவனத்தின் பெயர் எழுதிய பழைய கோப்பு போய்ச்சேரும். தொழிற்பயிற்சிக்குத் தேடுகிறவர்கள் தொடங்கும் தேதிக்கு நான்கைந்து மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். டெக்னிஷியன் நிலை வேலைகளுக்கு ஜாப்ஸ்ட்ரீட், பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ், தொழிற்சாலை வாசலில் நடக்கும் நேரடி நேர்காணல் ஆகியவற்றையும் விடாதீர்கள். லிங்க்ட்இன் ஒன்றையே நம்பியிருப்பதும் ஒரு தவறுதான்.

ஐசி எண்ணும் போலி வேலைகளும்

ரெசுமேயில் ஐசி எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எல்லாம் போட்டு, அதையே சுயவிவரத்தின் 'ஃபீச்சர்டு' பகுதியில் எல்லாரும் பார்க்க ஏற்றிவிடுகிறார்கள். மைகாட் (ஐசி) எண்ணின் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதில் ஆணா பெண்ணா என்பது வரை இருக்கிறது. ஏமாற்றுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? பொதுவில் ஏற்றும் பிரதியில் மின்னஞ்சலும் ஊர்ப் பெயரும் போதும். ஐசி எண்ணை வேலை உறுதியான பிறகு கொடுக்கலாம்.

தானாக வந்து வேலை தருகிறேன் என்பவர்களின் பக்கத்தில் 'மோர்' பொத்தானை அழுத்தி 'அபௌட் திஸ் ப்ரொஃபைல்' பாருங்கள். கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்று காட்டும். பெரிய நிறுவனத்தின் மனிதவள மேலாளர் என்று சொல்லிக்கொள்ளும் கணக்கு போன மாதம் பிறந்ததாக இருந்தால் விலகிவிடுங்கள். இரண்டு செய்திக்குள் டெலிகிராமுக்கோ வாட்ஸ்அப்புக்கோ வரச் சொல்வது, பயிற்சிக்கோ சீருடைக்கோ முன்பணம் கேட்பது, உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வாங்கி மாற்றிவிடச் சொல்வது என்று அடுத்தடுத்து வரும். கடைசியாகச் சொன்னதைச் செய்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது உங்கள் பெயர். கம்போடியாவிலும் மியன்மாரிலும் அதிகச் சம்பளம் என்று நம்பிப் போய் மோசடி மையங்களில் அடைபட்ட மலேசிய இளைஞர்களின் கதையை மறந்துவிட வேண்டாம். நிறுவனம் பதிவு பெற்றதா என்று நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம் தளத்திலும், கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் மோசடியில் சிக்கியவையா என்று காவல்துறையின் செமாக் மியூல் தளத்திலும் பார்க்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் அந்த நிமிடமே தேசிய மோசடிப் புகார் மையத்தின் எண்ணான 997-ஐ அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

பயிற்சிக்குப் போன பிறகு

முதல் நாளே பணி அட்டையைக் கழுத்தில் மாட்டிப் படம் எடுத்துப் போடுவார்கள். அட்டையில் ஊழியர் எண்ணும் பார்கோடும் தெளிவாகத் தெரியும், பின்னால் இயந்திரத் திரை இருக்கும். சிப் தயாரிக்கும் ஆலைகளில் சேரும்போதே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒரு படத்துக்காகப் பயிற்சி இழப்பது மிகப் பெரிய விலை. கட்டட வாசலில் பெயர்ப் பலகை முன் எடுத்த படம் போடலாமா என்றுகூட மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பயிற்சி முடிந்த அந்த வாரமே முடிவுத் தேதியைப் போட்டுவிட்டு, மேற்பார்வையாளரிடம் லிங்க்ட்இன் பரிந்துரை கேளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கு அடுத்த குழு வந்திருக்கும். நீங்கள் செய்த இரண்டு மூன்று வேலைகளைச் செய்தியில் நினைவூட்டினால் அவருக்கு எழுதச் சுலபம். முதலில் பேசிய அந்த முன்னாள் மாணவருக்கும் எங்கே சேர்ந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள்.