முதுமையின் பரம்பரையலகைப் படிப்பிக்க ஒரு புழு

ஹட்டன் பக்கம் தோட்டப் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கிறேன். முதுமையை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளர் சிந்தியா கென்யனின் ஆய்வைச் சொல்லும் முன், பிள்ளைகளுக்குப் புழுவைக் காட்டிவிடுங்கள்.

ஒரு கைப்பிடி கூட்டெருவை மெல்லிய துணியில் கட்டி, றப்பர் குழாய் மாட்டிய புனலில் வையுங்கள். குழாய் நுனியைக் கிளிப்பால் இறுக்கி, துணி நனையத் தண்ணீர் ஊற்றுங்கள். உருளைப்புழுக்கள் நெளிந்து இறங்கி அடியில் சேரும். மார்கழிக் குளிரென்றால் புனலைக் குசினிப் பக்கம் வைப்பது நல்லது. காலையில் கிளிப்பைத் தளர்த்தி முதல் சில துளிகளை மட்டும் எடுங்கள். நுணுக்குக்காட்டியில் கண்ணாடி இழைபோல் துடிக்கும். குடலின் கருமைகூடத் தெரியும். பிள்ளைகள் இடம் விடமாட்டார்கள்!

இனம் எதுவென்று அடித்துச் சொல்லாதீர்கள். கென்யனின் புழு சீ. எலிகன்ஸ்: நீளம் 1 மில்லிமீற்றர், ஆயுள் 2, 3 வாரம்.

அப்புறம் கரும்பலகைக்கு வாருங்கள். டாஃப்-2 என்ற ஒரே பரம்பரையலகு மாறிய புழுக்கள் இரு மடங்குக்கு மேல் வாழ்வதை 1993இல் கென்யன் குழு காட்டியது. டாஃப்-16 என்ற இன்னொரு பரம்பரையலகு பழுதானால் அந்த நீண்ட ஆயுள் கிடைக்காது. இதை விட்டுவிடாதீர்கள், ஆய்வின் உயிரே இதுதான். டாஃப்-2 நம் உடம்பின் இன்சுலின் வாங்கிக்கு, அதாவது கலத்தில் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு, உறவு. வீட்டில் சீனி வருத்தம் உள்ள பிள்ளைகள் இங்கேதான் கேள்வி கேட்பார்கள். மணி அடித்தாலும் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.